குடல் சளியைக் கழுவி எடுக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "குடல் சுவரில் சளி படிந்திருப்பதால்தான் நல்ல பாக்டீரியா வளரவில்லை, அதைக் கழுவி எடுக்க ஒரு பவுடர் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில், அந்தச் சளிதான் நல்ல பாக்டீரியாவையே தீர்மானிக்கிறது என்று படித்தேன். எதை நம்புவது?" பவுடரைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பெரிய கேள்வி. நம் குடலில் எந்த பாக்டீரியா குடியிருக்கலாம் என்பதை முடிவு செய்வது யார்? நாம் சாப்பிடும் சாப்பாடா, நம் உடம்பு சுரக்கும் சளியா? இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பவுடருக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பெத்தாலஜி துறையில் இருபது வருடத்துக்கு மேலாகத் திசுக்களைப் பார்த்து வருகிறேன். குடல் பயாப்ஸி எனக்கு அன்றாட வேலை. ஆனால் குடல் பாக்டீரியாவைப் பற்றி நானே ஆய்வு செய்ததில்லை. அந்தப் பகுதியில் சொல்வதெல்லாம் வெளிவந்த ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. எது கண்ணால் பார்த்தது, எது படித்தது என்று பிரித்தே சொல்கிறேன்.

சளி என்றதும் நமக்கு மூக்கும் நெஞ்சும்தான் ஞாபகம் வரும். குடலில் சுரப்பதற்குத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது: சீதம். சீதபேதி என்கிறோமே, அந்தச் சீதம். வயிற்றுக்கடுப்போடு வருபவர் "சீதமும் ரத்தமுமா போகுது டாக்டர்" என்பார். நோய் வந்தால்தான் அது கண்ணில் படுகிறது, அதனால் சீதம் என்றாலே நோய் என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் நோய் நொடி இல்லாத நாளிலும் சிறுகுடலில் தொடங்கி மலக்குடல் வரை அது ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அது சுரக்காவிட்டால்தான் ஆபத்து.

மருத்துவர்களுக்கே அது நீண்ட காலம் சரியாகக் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டியெடுத்த திசு கெட்டுப்போகாமல் இருக்க நாங்கள் வழக்கமாக அதை ஃபார்மலின் என்ற கரைசலில் போடுவோம். ஃபார்மலின் கரைசலில் பெரும்பகுதி தண்ணீர். சளியிலும் 100-க்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீர் நீக்கி, மெழுகில் பதித்துச் சீவும்போது சளி சுருங்கிக் காணாமல் போய்விடும். ஸ்லைடில் குடல் சுவருக்கும் உள்ளே இருக்கும் மலத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி மட்டும் மிஞ்சும். நான் மாணவனாக இருந்தபோது, "அது திசு சுருங்கியதால் வந்த இடைவெளி, அதைப் பார்க்காதே" என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீரே சேராத கார்னாய் கரைசல் ஒன்று உண்டு. ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம் மூன்றும் கலந்தது. மலத்தைக் கழுவாமல், அதோடு சேர்த்தே குடல் துண்டை இதில் போட்டால், அந்த வெள்ளை இடைவெளி இருந்த இடத்தில் சளி நிற்பதைப் பார்க்கலாம்.

2008-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் மாலின் யோஹான்சன், குன்னர் ஹான்சன் குழுவினர் சுண்டெலியின் பெருங்குடலை இப்படித்தான் பதப்படுத்தி, பாக்டீரியா ஒளிரும்படி சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த ஆய்வின் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் குடல் செல்களின் கருக்கள் வரிசையாக. மறுபக்கம் இடமே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு பாக்டீரியா. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டை. சுமார் 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன் இருக்கலாம். அந்தப் பட்டைக்குள் ஒரு பாக்டீரியாகூட இல்லை. எங்களுக்கு 'பார்க்காதே' என்று சொல்லப்பட்ட இடம் அதுதான்.

பெருங்குடலில் சளி இரண்டு அடுக்காக இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. உள் அடுக்கு செல்களோடு ஒட்டி, இறுக்கமாக, பல படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல இருக்கும். பாக்டீரியா நுழைய முடியாத அளவுக்கு அதன் கண்ணிகள் சிறியவை. அதன் வெளிப்புறத்தை நம் உடம்பின் நொதிகளே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகின்றன. அப்படித் தளர்ந்து உப்பியதுதான் வெளி அடுக்கு. பாக்டீரியா குடியிருப்பது அங்கே. சுண்டெலியில் உள் அடுக்கு ஓரிரு மணி நேரத்துக்குள் புதிதாகிவிடுகிறது. மனிதக் குடலில் அது இன்னும் தடிமனானது, சில நூறு மைக்ரான் வரை இருக்கும். சிறுகுடலில் கதை வேறு. அங்கே உணவு உறிஞ்சப்பட வேண்டும், இறுக்கமான வேலி போட்டால் சத்து உள்ளே போகாது. அதனால் அங்கே ஒரே அடுக்குதான், அதுவும் தளர்வாக, ஒட்டாமல். அந்தக் குறையை ஈடுகட்டக் குடல் செல்கள் பாக்டீரியாவைக் கொல்லும் புரதங்களைச் சளிக்குள் கலந்துவிடுகின்றன. டெக்சாஸில் லோரா ஹூப்பர் குழு 2011-ல், அப்படிப்பட்ட ஒரு புரதம் இல்லாத சுண்டெலிகளின் சிறுகுடலில் பாக்டீரியா சுவரை நெருங்கி வந்து உட்காருவதைக் காட்டியது.

இந்தச் சளியைச் சுரப்பவை கோப்லெட் செல்கள், அதாவது கிண்ண வடிவச் செல்கள். ஆல்சியன் நீலம் என்ற சாயத்தைப் போட்டால் அவற்றின் வயிறு மட்டும் பளிச்சென்று நீலமாகத் தெரியும். பெருங்குடலில் கீழே போகப் போக இவை அதிகம். அந்த வயிற்றுக்குள் மியூசின்-2 என்ற மிகப் பெரிய புரதம் மடித்து அடைக்கப்பட்டிருக்கிறது. சுமார் 5,000 அமினோ அமிலம் நீளமுள்ள சங்கிலி அது. உள்ளே கால்சியமும் அமிலத்தன்மையும் சேர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வெளியே வந்ததும் பைகார்பனேட் அந்தக் கால்சியத்தை விலக்க, புரதம் விரிந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு பல நூறு மடங்கு பெரிதாகிறது. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்ட சில நிமிடத்தில் கறுப்புப் புள்ளியைச் சுற்றி ஒரு கண்ணாடி உருண்டை வருமே, கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் பைகார்பனேட் போதாமல் சளி சரியாக விரிவதில்லை. கெட்டியாகச் செல்லோடு ஒட்டிக்கொண்டு, நுரையீரலிலும் குடலிலும் அடைப்பு வருகிறது.

சரி, பாக்டீரியாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வேலியாக நிற்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, சோறு போடுவது. மியூசின் எடையில் 100-க்கு 80 பங்கு சர்க்கரை. நாம் டீயில் போடும் சர்க்கரை இல்லை, பல வகைச் சர்க்கரைகள் கிளை கிளையாகக் கோத்த குட்டைச் சங்கிலிகள். மனிதப் பெருங்குடல் சளியில் 100-க்கும் மேற்பட்ட வகைச் சங்கிலிகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். சங்கிலியின் நுனியில் சில இடத்தில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை, சில இடத்தில் சியாலிக் அமிலம், சில இடத்தில் சல்ஃபேட். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்க ஒவ்வொரு நொதி வேண்டும். அந்த நொதி உள்ள பாக்டீரியாவுக்கு மட்டுமே அங்கே சாப்பாடு. எல்லா நொதியும் வைத்திருப்பவை மிகச் சில. மற்றவை ஒன்று அவிழ்த்துவிட்டதை இன்னொன்று தின்று கூட்டாகப் பிழைக்கின்றன. குடலில் உணவு வரும், போகும். வீட்டுக்காரர் பட்டினி கிடந்தாலும் சளி மட்டும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியா எந்தக் காலத்திலும் அழியாமல் நிற்கும்.

இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் அக்கர்மான்சியா மியூசினிஃபிலா. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் மூரியல் டெரியன், வில்லெம் டி வோஸ் முதலானோர் 2004-ல் இதற்குப் பெயரிட்டார்கள். அக்கர்மன்ஸ் என்ற டச்சு நுண்ணுயிரியலாளரின் நினைவாக முதல் பாதி, 'சளியை விரும்புவது' என்ற பொருளில் மறுபாதி. மியூசினை மட்டுமே உணவாக வைத்துச் சோதனைக் குழாயில் எது வளர்கிறது என்று பார்த்தபோது கிடைத்தது இது. பேக்டீராய்டிஸ் தீட்டாவோட்டாமைக்ரான் என்ற இன்னொன்று ரொம்பச் சமயோசிதமானது. தாவர நார் கிடைத்தால் அதைத் தின்னும். கிடைக்காவிட்டால் மரபணுக்களை மாற்றி இயக்கி, சளிச் சர்க்கரைக்குத் திரும்பிவிடும். 2005-ல் ஜஸ்டின் சோனன்பர்க் முதலானோர் இதைச் சுண்டெலிக் குடலில் காட்டினார்கள். இந்தத் தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த அவிழ்ப்பு வேலை நடக்கும் இடத்தில் திருடர்களும் வருவார்கள். சில பாக்டீரியா சியாலிக் அமிலத்தை வெட்டி வெளியே விடும். சாதாரண நாளில் அக்கம்பக்கத்தில் இருப்பவை அதை உடனே எடுத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அக்கம்பக்கம் காலியாகிவிட்டால், சால்மொனெல்லா, கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்ற நோய்க் கிருமிகள் அந்த இலவசச் சாப்பாட்டில் பெருகுகின்றன. 2013-ல் சுண்டெலிகளில் இது நிரூபிக்கப்பட்டது. ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்த கையோடு சிலருக்குப் பேதி வருவதன் பின்னால் இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. வேலியையே உடைத்துக்கொண்டு வருபவையும் உண்டு. அமீபா சீதபேதிக் கிருமி, மியூசின்-2 வலையை வெட்டும் நொதியைச் சுரக்கிறது. காலரா கிருமி வாலைச் சுழற்றிச் சளிக்குள் நீந்திப் போகிறது. காலராவில் கஞ்சித் தண்ணீர் மாதிரி போகும் என்கிறோமே, அதில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகளில் பெரும்பகுதி கழுவி வந்த சீதம்தான்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் சளிதான் எஜமான் என்று தோன்றும். ஆனால் எதிர்த்திசையிலும் ஆதாரம் அதே அளவு வலுவாக இருக்கிறது. பிறந்தது முதல் ஒரு பாக்டீரியாகூடப் படாமல் வளர்த்த சுண்டெலிகளின் பெருங்குடலில் சளி ஒழுங்காக உருவாவதில்லை. பாக்டீரியா அளவுள்ள மணிகளை மேலே தூவினால் உள்ளே இறங்கிவிடும். சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவை அவற்றுக்குக் கொடுத்தால் சளி சரியாகிறது, ஆனால் அதற்குப் பல வாரம் ஆகிறது. இதைவிட என் மனதில் நின்றது 2015-ல் அதே கோதன்பர்க் குழு சொன்ன விஷயம். ஒரே இனச் சுண்டெலிகள், மரபணுவில் வித்தியாசம் கிடையாது, வளர்ந்ததும் ஒரே கட்டடத்தில். அறை மட்டும் வேறு வேறு. ஓர் அறை எலிகளுக்குச் சளி இறுக்கமாக இருந்தது, மற்ற அறை எலிகளுக்குப் பாக்டீரியா ஊடுருவும்படி இருந்தது. இரண்டு அறையின் பாக்டீரியாவையும் எடுத்துக் கிருமியில்லா எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்தபோது, சளியின் அந்தக் குணமும் கூடவே போனது. ஆக, சளி பாக்டீரியாவைத் தேர்ந்தெடுக்கிறது, வந்து சேர்ந்த பாக்டீரியா சளியைக் கட்டவும் கெடுக்கவும் செய்கிறது.

சாப்பாடு நுழையும் இடம் இங்கேதான். மேலே சொன்ன அந்தச் சமயோசிதக்காரரை ஞாபகம் இருக்கிறதா? நார் இல்லாவிட்டால் சளிக்குத் திரும்புபவர். 2016-ல் மகேஷ் தேசாய், எரிக் மார்ட்டென்ஸ் முதலானோர் கிருமியில்லா சுண்டெலிகளுக்கு மனிதக் குடலிலிருந்து 14 வகை பாக்டீரியாவை மட்டும் கொடுத்து, சில எலிகளுக்கு நார் நிறைந்த தீனியும் சிலவற்றுக்கு நாரே இல்லாத தீனியும் போட்டார்கள். நாரில்லாத எலிகளில் சளி தின்னும் வகைகள் பெருகின, சளி அடுக்கு மெலிந்தது. பிறகு குடலைத் தாக்கும் ஒரு கிருமியைக் கொடுத்தபோது அவை கடுமையாக நோய்வாய்ப்பட்டன. பெருகியவற்றில் நம் அக்கர்மான்சியாவும் ஒன்று. அதனால்தான் 'நல்ல பாக்டீரியா', 'கெட்ட பாக்டீரியா' என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. நார் கிடைக்கும் வீட்டில் அது நல்ல குடித்தனக்காரர், பட்டினி போட்டால் அதே ஆள் சுவரைச் சுரண்டுகிறார். இன்னொன்று, அந்த ஆய்வில் சுத்திகரித்த நார்ப் பொடிகளைக் கலந்து கொடுத்தது சளியைக் காப்பாற்றவில்லை. 2018-ல் வேறொரு சுண்டெலி ஆய்வில் இன்யூலின் என்ற நார் ஓரளவு உதவியது. இதில் இன்னும் கருத்து ஒருமிக்கவில்லை.

இப்போது எது உறுதி, எது சந்தேகம் என்று பிரிக்கிறேன். சளி அடுக்கு இருக்கிறது, பாக்டீரியாவைத் தள்ளி நிறுத்துகிறது, அதன் சர்க்கரை உணவாகிறது, இவை மூன்றும் உறுதி. மியூசின்-2 அறவே இல்லாத சுண்டெலிகளில் பாக்டீரியா செல்களைத் தொடுகிறது, குடல் அழற்சி வருகிறது, பிறகு புற்றுநோயும் வருகிறது. இதுவும் உறுதி. மனிதருக்கு வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோயின் பயாப்ஸிகளில் கோப்லெட் செல்கள் வற்றிப்போயிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் எழுதவும் செய்கிறேன். ஆனால் சளி மெலிந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் சளி மெலிந்ததா என்று ஒரு ஸ்லைடை வைத்துச் சொல்ல முடியாது. சளி பலவீனமாவது நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே நடக்கிறது என்று 2019-ல் கோதன்பர்க் குழு வாதிட்டது. வாதம் வலுவானதுதான், முடிந்த வழக்கு என்று சொல்லமாட்டேன்.

பரம்பரையைப் பற்றியும் இதே எச்சரிக்கை. சளியில் ஃபியூகோஸைக் கோக்கும் ஒரு மரபணு சிலருக்கு வேலை செய்வதில்லை. ஐரோப்பியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி. அவர்களை, வாந்தியும் பேதியும் வரவைக்கும் நோரோவைரஸின் பல வகைகள் எளிதில் தாக்குவதில்லை, இது நன்றாக நிலைநாட்டப்பட்டது. அவர்களின் குடல் பாக்டீரியாவும் வேறுபடுகிறது என்று ஆரம்பத்தில் சிறிய ஆய்வுகள் சொன்னன. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க ஐஸ்கிரீம், சாஸ் போன்றவற்றில் சேர்க்கும் குழைமமாக்கிகள் (எமல்சிஃபையர்) சுண்டெலியின் சளிக்குள் பாக்டீரியாவை நெருங்கவிடுகின்றன என்று 2015-ல் காட்டினார்கள். கார்பாக்சிமீத்தைல் செல்லுலோஸ் என்ற ஒன்றை மட்டும் மனிதரில் சோதித்தபோது, சிலரிடம்தான் அப்படி நடந்தது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 16 பேர், நாட்கள் 11. அக்கர்மான்சியா மாத்திரையும் இந்த ரகம்தான். 2019-ல் பெல்ஜியத்தில் பாட்ரிஸ் கானி குழு, சூடாக்கிச் செயலிழக்கச் செய்த அக்கர்மான்சியாவை உடல் பருமனானவர்களுக்கு மூன்று மாதம் கொடுத்தது. இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது. முடிவு வரை இருந்தவர்கள் 32 பேர். நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவுதான்.

'குடல் பாக்டீரியா ரிப்போர்ட்' எடுக்கலாமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். அந்த டெஸ்ட்டுகள் மலத்தைப் பார்க்கின்றன. சளிக்குள் ஒட்டி வாழும் கூட்டமும் மலத்தில் வெளியேறும் கூட்டமும் ஒன்றல்ல என்பது 2005-லேயே தெரிந்துவிட்டது. கொலனோஸ்கோபியில், அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும்போது எடுத்த துண்டில் பார்க்கலாம் என்றால், அதற்கு முன்னால் குடலைச் சுத்தம் செய்யக் குடித்த மருந்து வெளிச் சளியில் பெரும்பகுதியைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். உங்கள் சளி எவ்வளவு தடிமன் என்று அளந்து சொல்லும் டெஸ்ட் ஒன்றும் மருத்துவமனைகளில் வழக்கத்தில் இல்லை. யாராவது சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

அப்புறம், அந்தப் பவுடர். இத்தனை வருடத்தில் அறுவைசிகிச்சையில் வெட்டியெடுத்த குடல்களை நீளவாக்கில் திறந்து விரித்துப் பார்ப்பது என் வேலையாக இருந்திருக்கிறது. சுவரில் ரப்பர் மாதிரி வருடக்கணக்கில் படிந்த சளித்தட்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இருக்கவும் முடியாது. எப்போதும் உதிர்ந்து புதிதாகிக்கொண்டிருக்கும் ஒன்று எப்படி வருடக்கணக்கில் படியும்? அப்படியானால் அதைக் குடித்த மறுநாள் கயிறு போல வெளியே வருவது என்ன? இந்த வகைப் பொடிகளில் பெரும்பாலும் இசப்கோலும் பென்டோனைட் என்ற களிமண்ணும் இருக்கும். இரண்டும் தண்ணீர் பட்டால் கொழகொழவென்று உப்பி ஒட்டிக்கொள்ளும். குடலின் வடிவத்தில் வெளியே வருவது நீங்கள் விழுங்கியதுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள், தெரியும். இசப்கோல் தனியாக நல்ல பொருள்தான், மலச்சிக்கலுக்கு நாங்களே சிபாரிசு செய்வோம். பேதி வரவைக்கும் பொருள்களோடு சேர்த்து அதை அடிக்கடி குடிப்பதுதான் வேண்டாம்.

சளிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை பாக்டீரியாவுக்கு வேறு சாப்பாடு போடுவதுதான் வழி. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் அளவு நார் வேண்டும் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிறது. வெள்ளைச் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் அதில் பாதிகூட எட்டாது. கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டைப்பயறு, கேழ்வரகு, கீரை, வாழைத்தண்டு, தோலோடு கொய்யா, இப்படி மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு உப்பி வாயு பிடித்துக்கொள்ளும், மெதுவாகக் கூட்டுங்கள். இது உங்கள் சளியை இத்தனை மைக்ரான் கூட்டும் என்று நான் உறுதி தரமாட்டேன், மனிதரில் அப்படி அளந்து காட்டியதில்லை. நார் வேறு பல காரணங்களுக்காகவும் நல்லது என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

எப்போதாவது மலத்தோடு ஒரு துளி சீதம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நாள்கணக்கில் தொடர்ந்து வந்தாலோ, கூடவே ரத்தம் தெரிந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, நேரே ஒரு குடல் மருத்துவரிடம் போய்விடுங்கள். போகும்போது கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், குடித்த பவுடர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். பயாப்ஸி எடுக்கும் தேவை வந்தால், அந்தத் தாளில் உள்ளதை ரெக்வெஸ்ட் ஃபாரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஸ்லைடைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இரண்டு வரி பெரிய உதவி.